கன்னி மூலையில் ஒரு குழி

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதையை ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்காரர் மடியில் டூல்ஸ் பையை வைத்துக்கொண்டு செல்லில் பேசினார்.

"பொதைச்ச எடம் எனக்குத் தெரியும்மா. ஆனா நா சொன்னா பேஜாராயிடும்."

வாராவாரம் பத்திரிகைக் கதையில் ஒரு கொலை செய்து பிழைக்கிறவன் நான். பிணம் என்றே நினைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் விசாரித்தேன். புதைந்திருந்தது எர்த் குழி.

2

முதல் ஆரம்பம்: 'ரைஸ் மில்லின் இருட்டில் ஓர் உருவம்...' (அடித்துவிட்டேன். சம்பவம் பட்டப்பகலில்.)

இரண்டாவது: 'பானுப்ரியாவின் விரல் பட்டதும் மெஷின்...' (வேண்டாம். மில் முதலாளியும் இதைத்தான் சொல்கிறார்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தை ஒட்டி சக்கரபாணியின் ரைஸ் மில். அங்கே கறுப்பரிசியைக் கேமராவால் கண்டுபிடித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷின். அதை ஓட்டுகிறவள் பானுப்ரியா. போன மழையில் இடி விழுந்து மெஷினின் போர்டு எரிந்தது. முதலாளி பயந்துபோய்ப் பெரிய ஸ்டெபிலைசர் வாங்கினார். கூடவே வாஸ்துவும் பார்த்தார்.

"கன்னி மூலையில குழி ஆவாதுங்க" என்றார் வாஸ்துக்காரர்.

தென்மேற்கு மூலையில் இருந்த அந்தக் குழிதான் எர்த் குழி. கம்பியை வெட்டி, சிமெண்ட் கொட்டி, மேலே பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டார்கள்.

[அடிக்குறிப்பு மாதிரி: ஸ்டெபிலைசர் உள்ளே வரும் கரண்ட்டை ஒழுங்காக்கும். வழி தவறிய கரண்ட் மண்ணுக்குள் இறங்கவும் ஒரு பாதை வேண்டும்; அதுதான் எர்த் குழி. அதை அடைத்தால் போர்டு வழியாகத் திமிறும். எனக்குப் புரிந்தது இவ்வளவே.]

அப்புறம் போர்டுகள் அடுத்தடுத்து எரிந்தன. எல்லாமே பானுப்ரியா ஓட்டும்போதுதான். (வேறு யாரும் அதை ஓட்டுவதே இல்லை. இது யாருக்கும் தோன்றவில்லை.)

3

"கரண்ட்டு சுத்தம். சாமியும் இருக்குது. அப்போ கோளாறு உன் கையிலதான். எவன் பேச்சையோ கேட்டுக்கினு வேணும்னே கெடுக்கிற" என்றார் சக்கரபாணி.

"மெஷினத் தொட்டாலே சுர்ருங்குதுங்க மொதலாளி. அன்னிக்கே சொன்னேன்."

"செருப்பு போட்டுக்கினு ஓட்டுன்னு நானும் அன்னிக்கே சொன்னேன்ல?"

வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. மெஷினைக் கெடுத்தவள் என்ற பேரோடு வேறு எந்த மில்லும் சேர்க்காது.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர்தான் எலக்ட்ரீசியன், கோட்டக்குப்பத்துக்காரர். நிஜாமுதீன் என்று வைத்துக்கொள்வோம். மில்லில் மீட்டர் வைத்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போனில் மறுமுனையில் இருந்தது பானுப்ரியா.

"பாய், நீங்களே சொல்லிடுங்க. நா சொன்னா, தப்பிக்கிறதுக்கு சாமி மேல பழி போடுறாம்பாரு மொதலாளி."

"பிள்ளையார நவுத்துங்கன்னு நானா? நல்லாருக்கும்மா! சாயங்காலம் வாட்ஸப்புல நா எப்டி சுத்துவேன்னு எனக்கே தெரியாது."

4

'வேறு இடத்தில் புதுக் குழி தோண்டலாமே?' என்கிறீர்கள். எழுதிப் பார்த்தேன். காரணம் எதுவும் சொல்லாமல் நிஜாமுதீன் கிழக்கே புதுக் குழி போடுகிறார். வெள்ளிக்கிழமை பானுப்ரியாவை அனுப்பிவிடுகிறார்கள். போர்டு எரிவது நின்றுவிடுகிறது.

"பாத்தியா, அவ போனா, எல்லாம் நின்னுபோச்சு!" என்கிறார் சக்கரபாணி.

மெஷின் பிழைத்தது. அவள் மேல் இருந்த பழி நிரூபணமானது, என் கையாலேயே.

அடுத்த முடிவு. எலக்ட்ரீசியன் பெயரைத் திருமுருகன் என்று மாற்றினேன்.

"பிள்ளையாரக் கொஞ்சம் நவுத்தணுங்க. கீழ எர்த் மாட்டிக்கினு கெடக்குது."

"அடச்சே, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? கற்பூரம் ஏத்திட்டு நவுத்து."

முடிந்தது. கதையே இல்லை. மாற்றியது ஒரு பெயரைத்தானே? பின்னே ஏன்... (இந்த வாக்கியத்தை எனக்கு முடிக்கத் தெரியவில்லை.) ஒருவேளை சக்கரபாணி நிஜாமுதீனிடமும் இதையேதான் சொல்வாரோ? சொல்லக்கூடிய மனுஷன்தான். பயப்படுவது நிஜாமுதீனா, நானா? குழப்பமாக இருக்கிறது. திருமுருகனை அடித்துவிட்டு, பழைய பெயரையே மறுபடி எழுதினேன்.

5

வெள்ளிக்கிழமை காலை. மூன்று பேரும் பிள்ளையார் முன்னால் நிற்கிறார்கள்.

"ஏன் எரிஞ்சுது? ஒருத்தராவது வாயத் தொறங்கய்யா" என்கிறார் சக்கரபாணி.

பானுப்ரியா நிஜாமுதீனைப் பார்க்கிறாள். அவர் பிள்ளையாரைப் பார்க்கிறார். யாரையாவது நான் பேச வைத்திருக்கலாம். மூன்று தாள் கிழித்தாயிற்று. அதனால் நாலாவது ஆளாக உங்களை அங்கே நிறுத்துகிறேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள். சக்கரபாணி திரும்புகிறார்.

"நீங்க யாருங்க? பேரு இன்னா?"

இதற்கான பதிலை நான் எழுத முடியாது.