மணி அடிக்காமல் நின்றால்

தூக்கம் வர என்னென்னவோ செய்து பார்த்தாகிவிட்டது. மருமகள் ஜெபா பாலில் ஜாதிக்காயை இழைத்துக் கொடுத்தாள். வயிறு கட்டிக்கொண்டதுதான் மிச்சம். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தார் இருதயராஜ். பாத்ரூம் போக எழுந்தபோது புது டைல்ஸில் வழுக்கி, கதவைப் பிடித்துத் தொங்கினார். ஜெபமாலை உருட்டினார். மாதாவுக்கே கொட்டாவி வந்திருக்கும், இவருக்கு வரவில்லை. பூந்தமல்லி டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் உடம்பு மட்டும் செத்த மாதிரி கிடந்தது. மண்டை உள்ளே முழித்துக்கொண்டிருந்தது. மாத்திரையை விட்டுவிட்டு ஒருநாள் குவார்ட்டர் அடித்துப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் தூங்க வைத்து, இருட்டிலேயே எழுப்பிவிட்டு, நெஞ்செரிச்சலையும் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

பாரிவாக்கத்தில் மகன் அஸ்வின் வாங்கிய ஃபிளாட். மூன்றாவது மாடி. எதிரே காலி மனை, அதற்கப்பால் ஏரி. பொழுது சாய்ந்தால் நாய்கூடக் குரைக்காது. வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் எவ்வளவு அமைதி என்று வாயைப் பிளந்தார்கள். அந்த அமைதிதான் இருதயராஜைத் தின்றுகொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டின மண்ணூர்பேட்டையில், தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் அவர் வாழ்நாள் கழிந்தது. தகட்டை வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். கையை எடுக்க மறந்தால் தகட்டோடு கையையும் சேர்த்து அடிக்கும். டபுள் ஷிப்ட் பார்க்கும் நாளில் நடுவில் கொஞ்ச நேரம் ஆள் மாற்றிவிடுவார்கள். பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே அட்டையை விரித்துப் படுப்பார்கள். தரை அதிரும், முதுகெலும்பு அதிரும், பல்லெல்லாம் அதிரும். அதிலேயே தூங்கிப் போவார்கள். அடிக்கிற சத்தம் யாரையும் எழுப்பாது. நிற்பதுதான் எழுப்பும்.

சாப்பாட்டுக்கும் ஷிப்ட் முடியவும் மணி அடித்த பிறகு மெஷின்கள் நிற்கும். அது வேறு. மணி அடிக்காமல் நின்றால் எவனோ ஒருத்தனுடைய கை உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். தூங்குகிறவன் அட்டையை உதைத்துவிட்டு எழுந்து ஓடுவான். இருதயராஜின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போன அன்றும் அப்படித்தான் எல்லாம் நின்றது. வலி எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த நிசப்தம் மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

குடியிருந்ததும் ஷாப்பை ஒட்டிய வாடகை வீட்டில்தான். ரெண்டுக்கும் ஒரே சுவர். அதனால் வேலையிலிருந்து நின்ற பிறகும் தூக்கத்துக்குக் குறைவில்லை. ஃபிளாட்டுக்கு வந்த பிறகுதான் இந்தப் பாடு. கண் செருகும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போடும். ஏன் நின்றது, யார் கை என்று எழுந்து உட்காருவார். பக்கத்தில் மனைவி ராஜகுமாரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

அஸ்வின் போனில் என்னவோ இறக்கி வைத்தான். "ப்பா, இதுல மழை சத்தம் இருக்கு, கடல் சத்தம் இருக்கு. எது வேணும்?"

"மழை சத்தம் கேட்டா ஒண்ணுக்குத்தான்டா வருது."

அடுத்த நாள், எங்கிருந்தோ பிரஸ் ஓடும் சத்தத்தையே தேடி எடுத்து வந்தான். இருதயராஜ் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது காதுல கேக்கறதுடா. அது கீழ இருந்து வர்றது."

கீழே இருந்து வர வேண்டுமே என்று, ஒரு ராத்திரி கிரைண்டரைத் தரையில் இறக்கி, வெறும் கல்லை ஓடவிட்டு, பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தார். கொஞ்சம் கண் அசந்தது. அதற்குள் கீழ் வீட்டு சௌம்யா வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டாள். மேலே யாரோ சாமத்தில் மாவு அரைக்கிறார்கள், மனுஷர் தூங்குவதா வேண்டாமா என்று. ஜெபாவுக்கு முகம் சுண்டிப் போனது. கிரைண்டரைத் தூக்கி லாஃப்டில் வைத்துவிட்டாள்.

அந்த வாரமே, கறி வாங்கப் போன இருதயராஜ் ஏரிக்கரை ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கி முள்வேலிக்குள் போனார். கண்ணுக்கு மேலே கிழிந்தது. அஸ்வின் வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். தையல் போட்ட டாக்டர், இப்படியே போனால் அடுத்த தடவை வேலி இருக்காது, லாரி இருக்கும் என்றார்.

சாயந்திரம் பால்கனியில் ராஜகுமாரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ராஜி, நாம மண்ணூர்பேட்டைக்கே போய்டலாம்."

"நீ போ."

"இன்னா, நீ போன்னுற? நீ வர்லியா?"

"நான் வர்ல."

"வெளாடாத. இங்க இருந்தா நான் செத்துடுவேன். கண்ணப் பாரு எப்டிகீதுன்னு."

ராஜகுமாரி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "யோவ், அந்த ஊட்ல நான் ஒரு நாளு தூங்கி நீ பாத்துகிறியா?"

"இன்னாடி பேசற? தூங்காமயா இத்தினி வருசம் இருந்த?"

"நீ ஒண்ணு ஷிப்டுக்குப் போய்டுவ. இல்லாங்காட்டி கட்ட மாதிரி கெடப்ப. நான் இன்னா பண்ணேன்னு உனக்கு எப்டித் தெரியும்? அந்த சொவரு டமால் டமால்னு நெஞ்சுலயே அடிக்கும். காதுல பஞ்சு வெச்சுப் பாத்தேன், தலகாணிய வெச்சுப் பாத்தேன். பாத்ரூம்ல போய்க் குந்திகினு கூட இருந்தேன். ஒண்ணும் ஆவாம எழுந்து துணி தொவைப்பேன். எம் பொண்டாட்டி ராவோட ராவா துணி தொவைச்சிடுவா, அப்டி ஒரு சுறுசுறுப்புன்னு ஷாப்பு பூரா சொல்லிகினு திரிஞ்சியே, ஞாபகம் கீதா?"

இருதயராஜுக்கு ஞாபகம் இருந்தது. காலையில் எழுந்தால் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். பெருமையாகத்தான் இருந்தது.

"அப்பவே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா? பிரஸ்ஸ நிப்பாட்டுவியா?"

அவர் கீழே கிடந்த ஒரு கீரைத் தண்டைக் கிள்ளினார். அவளே சொன்னாள், குரலை இறக்கி. "இங்க வந்துதான்யா படுத்தா தூக்கம் வருது. இத்த என்னாண்டேர்ந்து புடுங்காத."

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி போய், அங்கிருந்து எஸ்டேட் பஸ் பிடித்தார். அவள் வராவிட்டால் போகட்டும். அங்கே ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். இந்த வயசில் பெண்டாட்டி ஓரிடம் புருஷன் ஓரிடமா என்று ஊர் கேட்கும். கேட்கிறவன் வந்து தாலாட்டுப் பாடப் போவதில்லை.

பழைய வீட்டில் ஒடிசாக்காரர்கள் குடியிருந்தார்கள். அதை அடுத்த ரூமில்தான் உத்தமன். பக்கத்து பிரஸ்ஸில் கூடவே நின்று வேலை செய்தவன். இப்போது அதே ஷாப்பில் கழிவுத் தகடு அள்ளுகிறான்.

"இன்னா மாமே, மூஞ்சி இப்டிகீது? ஃபிளாட்ல ஏசி போட்டுக் குளுர்ல வத்திப் போய்ட்டியா?"

"தூக்கம் வர்லடா. உன் ரூம்ல கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்."

உத்தமன் சிரித்தான். "பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

"ஆமா. படுக்க வுடுறியா இன்னா?"

"நீ படு மாமே. எட்டு மணிக்கு மெஷின ஓட்டிடுவானுங்க, பாரு."

சுவரை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்தார். மணி அடித்தது. முதலில் ஒரு மெஷின், பிறகு அடுத்தது, பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. தரை வழியாக வந்து முதுகில் ஏறியது. தாடை தானாகத் தளர்ந்தது. ஊறுகாய் ஜாடியின் மூடி அலமாரியில் கிணுகிணுவென்று ஆடியது. அதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

பிறகு நின்றது. மணி அடிக்கவில்லை.

எழுந்தது அவருக்கே தெரியாது. வேட்டி ஒரு கையில், செருப்பில்லாத கால், கழிவுத் தகடு இறைந்து கிடக்கும் சந்து வழியாக ஷாப்புக்குள் ஓடி, "யாரு? யார் கைடா?" என்று கத்தினார்.

பிரஸ்ஸுக்கு முன்னால் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் தமிழ் புரியாமல், திருடன் என்று நினைத்தானோ என்னவோ, ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அவர் ஒவ்வொருத்தன் கையாகப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்தன. கம்பெனி சூப்பர்வைசர் ஓடி வந்து யார் இந்தாளை உள்ளே விட்டது என்று கத்தினான். உத்தமன் குறுக்கே விழுந்து, "நம்ம பழைய ஆளு சார், தெரியாம வந்துட்டாரு" என்று தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"இன்னாத்துக்கு நின்னுதுடா?"

"தோ பாரு." உத்தமன் துடைப்பக்கட்டையை எடுத்து, மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ஒரு பிரஸ்ஸின் வாய்ப்பக்கம் நீட்டினான். ரெண்டு பக்கமும் மஞ்சள் தூண்கள் நின்றன. கட்டை நடுவில் போனதும் டை பாதி வழியில் அப்படியே நின்றது. "சென்சார் போட்டுகிறானுங்கோ. கை குறுக்க போனா நின்னுடும். விரலு போனாலும் நின்னுடும், ஈ போனாலும் நின்னுடுமோ இன்னாமோ. இது நின்னா லைன்ல பின்னால கீறதும் நிக்கும். சரக்கு வாங்கற கம்பெனிக்காரன் கண்டிசன் போட்டுட்டான். இது வந்தப்பறம் ஒருத்தன் கையும் போவல மாமே."

"நல்லதுதான்."

"இன்னா நல்லதுதான்? எம்மாம் பெரிய விசயம்! நம்ம காலத்துல இருந்திருந்தா..." இருதயராஜின் இடது கையைப் பார்த்துவிட்டு உத்தமன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

"ஒரு நாளைக்கு எத்தினி தபா நிக்கும்?"

"அத்த யாரு எண்ணிகினு இருந்தா? சொம்மா சொம்மா நிக்கும்."

திரும்பிப் போய்ப் படுத்தார். அதிர்வு வந்தது, தூக்கமும் வந்தது. நின்றது. எழுந்தார். சென்சார்தான், யார் கையும் போகவில்லை என்று மண்டைக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டது. மறுபடி படுத்தார். மறுபடி நின்றது. சுவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சொன்ன பிறகுதான் எதைத் திட்டினோம் என்று உறைத்தது. விரல் இல்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

"இன்னா மாமே, தூங்கினியா?"

"போதும்டா. வர்றேன்."

வீட்டுக்கு வந்தபோது அஸ்வின் கத்தினான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் எங்கே தேடுவது என்று கேட்டான். ராஜகுமாரி கத்தவில்லை. அவன் ஓய்ந்து உள்ளே போன பிறகு தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கதான போன? ரூம் பாத்துட்டியா?"

சென்சார் விஷயத்தைச் சொன்னார். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப இனிமே எவன் கையும் போவாது."

"போவாது."

"அந்த மட்டும் புண்ணியம்." கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப உனக்கு?" என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

படுக்கும்போது ராஜகுமாரி கட்டிலில் ஏறவில்லை. கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தாள். "நீ கண்ண மூடு" என்று சொல்லிவிட்டு, கட்டில் சட்டத்தில் உள்ளங்கையால் தட்டினாள்.

"இன்னாடி இது?"

"கம்முனு படு."

தட்டினாள். கனமாக ஒன்று, விட்டு, லேசாக ஒன்று. டை இறங்குவது, மேலே ஏறுவது. நடுவில் தகடு மாற்றுகிற இடைவெளியைக்கூட விட்டாள். இருதயராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேலை செய்த அவருக்கே இப்படித் தட்டிக் காட்டத் தெரியாது. ராத்திரி ராத்திரியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தவளுக்குத் தெரிந்திருந்தது. சட்டம் அதிர்ந்தது, மெத்தை வழியாக முதுகுக்குக் கொஞ்சம் வந்தது.

"இப்டித்தான?"

"ம்."

"கனமா தட்டட்டா?"

"இதுவே போதும்."

தாடை தளர்ந்தது. காலிலிருந்து மேலே மரத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான்.

நின்றது.

துள்ளி எழுந்து, இருட்டில் கட்டிலுக்குக் கீழே துழாவி அவள் கையைப் பிடித்தார். கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. உள்ளங்கை சூடாக இருந்தது. அவள் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணையை எடுத்து அவள் தலைக்குக் கீழே மெதுவாகச் செருகினார். பிடித்திருந்த கையை அவள் மடியிலேயே வைத்தார். பிறகு கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஏரிப் பக்கத்திலிருந்துகூட ஒரு சத்தமும் இல்லை.

பால்காரன் பெல் அடித்தபோது ராஜகுமாரி கழுத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

"நான் எப்ப தூங்கினேன்னே தெரியல. நீ தூங்கினியா?"

"நல்லா தூங்கினேன்."

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டினாள்.

"அப்ப இன்னிக்கும் தட்றேன்."

"தட்டு" என்றார்.