முப்பத்திரண்டு பேர் ஏறிய இறக்கை

அமெரிக்காவில் எங்கள் ஊரான விச்சிட்டாவில் அப்போதெல்லாம் விமானம் கட்டுகிற ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு போட்டோ உண்டு. இறக்கையின் மேல் நீளப் பலகை போட்டு, வேலையாட்கள் வரிசையாக ஏறி நிற்பார்கள். எத்தனை தலை தெரிகிறதோ அவ்வளவு உறுதி என்று பத்திரிகை பார்க்கிறவர்கள் நம்புவார்கள். எதிர்ப் பட்டறைக்காரர்கள் இருபத்தேழு பேரை ஏற்றிவிட்டார்கள். எங்கள் முதலாளி ஸ்டோவருக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

"முப்பத்திரண்டு பேர் ஏறணும். ஆள் பத்தலைன்னா டைப் அடிக்கிற பொண்ணையும் கூப்பிடுங்க!"

நான் இறக்கைக்குத் துணி தைக்கிறவள். மரச்சட்டங்களைப் பசைபோட்டு ஒட்டி, மேலே துணியைப் போர்த்தி இழுத்துத் தைத்துவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. நாங்கள் ஏறி நிற்கப்போகிற விமானத்தை மறுநாள் காலை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்போகிறவன் என் கணவன் டெல்பர்ட்.

ஏறினோம். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் காலுக்கடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். உள்ளங்காலில் அதிர்ந்தது.

இறங்கிய கையோடு சொன்னேன்.

"முதலாளி, உள்ள ஏதோ ஒட்டு விட்டுடுச்சு. துணியக் கிழிச்சுப் பாத்துடலாம்."

"ஏம்மா வெர்னா, முப்பத்திரண்டு பேரத் தாங்கின இறக்கை உன் புருஷன் ஒருத்தனத் தாங்காதா? கிழிச்சா, மறுபடி தைச்சு, அஞ்சு பூச்சு பூசிக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். ஞாயித்துக்கிழமை விமானப் பந்தயத்துல உன் தையல் மிஷினையா பறக்க விடுறது?"

பட்டறையே சிரித்தது. டெல்பர்ட்டும் சேர்ந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கோஸும் கறியும் அடைத்த பன்னைக் கடித்தபடி டெல்பர்ட் என்னை வம்புக்கு இழுத்தான்.

"காலைல நீ ரெண்டு பன்னு கூடத் தின்னுட்டு ஏறினே. பலகை அழுதிருக்கும்டி."

"உனக்கு உயிர் மேல பயமே இல்லையா?"

"இருக்கு. நான் மாட்டேன்னா, முதலாளி வேற ஆள ஏத்துவாரு, என் வேலை போயிடும். அந்தப் பயம் அதைவிடப் பெருசா இருக்கு."

சாயங்காலம் எல்லோரும் போனபின் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். நான் நின்ற இடத்தில் துணிமேல் முனையை வைத்தேன். ஒரு இழுப்புதான். கை வரவில்லை. வேலை போய்விடும் என்றோ, முதலாளி திட்டுவார் என்றோ இல்லை. கிழித்துப் பார்த்து உள்ளே எல்லாம் சரியாக இருந்தால், ஆயுசுக்கும் என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

காலையில் டெல்பர்ட் கையாட்டிவிட்டு ஏறினான். கோதுமை அறுத்த வயலுக்கு மேல் முதல் வட்டம் திரும்பும்போது வலது இறக்கை மடங்கியது. பாராசூட்டுக்கு உயரம் போதவில்லை.

மத்தியானம் அரசாங்க அதிகாரி வந்தார். முறிந்த கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த ஒட்டு வானத்துல விட்டது இல்ல. முன்னாடியே விட்டிருக்கு. யாருக்காவது தெரியுமா?"

என்னோடு ஏறி நின்றவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஸ்டோவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறந்தால் அன்றோடு அவர் தொலைந்தார். திறக்கத்தான் போனேன். சொன்னேனே, தலையில் அடித்துக்கொண்டு சொன்னேனே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த மனிதர் அடுத்தபடியாக என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். 'அப்புறம் நீங்க என்னம்மா செஞ்சீங்க?'

"யாருக்கும் தெரியாதுங்க" என்றேன்.

அதிகாரி போனதும் ஸ்டோவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உன் மனசு யாருக்கும்மா வரும்!"