சனிக்குப் பக்கத்தில் இரண்டு சம்பந்திகள்

சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைகிறது, குட்டிக் கலத்தின் கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே வார் தொங்கும் ஒற்றை இருக்கை, வெளியே நானும் பொள்ளாச்சி மங்கையர்க்கரசியும் வெள்ளை உடுப்பில் திருவிழா பலூன்கள் மாதிரி மிதந்துகொண்டிருக்கிறோம், நீங்க ஏறுங்க சம்பந்தியம்மா என்கிறேன், அட, நீங்க ஏறுங்க முதல்ல என்கிறார் அவர், நல்லாருக்கே, உங்களை விட்டுட்டு நான் ஏறுவேனா, ஏனுங், நீங்கதானுங் ஒரு வயசு மூப்பு, மூப்பெல்லாம் இல்லை, ஸ்கூல்ல கூட்டிப் போட்டது, என்று பேசிப் பேசியே ஆக்சிஜன் தீர்ந்து இரண்டு பேரும் செத்துப்போகிறோம், இதுவரை ஆயிரத்தெட்டு தடவை செத்திருப்போம், குறைத்துத்தான் சொல்கிறேன்.

எல்லாம் என் மகள் வினோதா செய்த வேலை, சிங்கப்பூரில் மசக்கையில் சோறு பிடிக்காமல் படுத்திருந்தவளுக்கு மூளை மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது, அம்மாவும் மாமியாரும் கல்யாணத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை, பிரசவத்துக்கு வந்து ஒரே அறையில் இரண்டு பேரும் ஊமைச் சண்டை போட்டா என் பிள்ளை பயந்து வெளியே வரமாட்டேன்னுரும்மா, இந்த கேமை ரெண்டு பேரும் சேர்ந்து முடிங்க, அப்புறந்தான் டிக்கெட், என்று இரண்டு வீட்டு டேபிலும் ஏற்ற வைத்துவிட்டாள், விடலைப் பசங்கள் ஒரு சினிமா நேரத்துக்குள் முடிக்கிற கேம், நாங்கள் ஆடியில் தொடங்கி மார்கழிக் கோலத்தையும் பார்த்துவிட்டோம், அவளுக்கோ மாதம் ஏறிக்கொண்டே போகிறது, பேரப்பிள்ளையின் முதல் அழுகையைப் போனில்தான் கேட்கப்போகிறேன் போலிருக்கிறது.

சனி கிரகத்தை ஒட்டி ஒரு விண்கலம் பழுதாகி நிற்கிறது, போயும் போயும் சனி, மங்கையர்க்கரசி எள் விளக்குப் போட்டுவிட்டுத்தான் டேபைத் தொடுவார், அவர் திரையில் குறிகள் தெரியும், என் திரையில் பொத்தான்கள், அவர் சொல்லச் சொல்ல நான் அமுக்கினால் கதவு திறக்கும், நான் யார், விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டித் தமிழ்நாட்டின் பாதிக் காதல்களைச் சேர்த்துவைத்தவள், மீதிப் பாதி லைன் கட்டானதும் என்னால்தான், ஏனுங், பணியாரக் கல்லாட்டம் ஏழு குழி, நடுக்குழி தீஞ்சு கெடக்குது என்பார், அமுக்குவேன், திறக்கும், முதலில் வேண்டாவெறுப்பாக, பிறகு சாயங்காலக் காபியையே மறந்து, கனவிலும் குழிகளை எண்ணிக்கொண்டு, எங்கள் சிரிப்பில் சனியின் வளையமே ஒரு பக்கம் கோணிவிட்டது, நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

கடைசியில்தான் மாட்டிக்கொண்டோம், ஒருவர் ஏறி உட்கார்ந்தால் மற்றவர் வெளியிலிருந்து விசையை இழுத்து அனுப்ப வேண்டும், ஏறத்தான் ஆளில்லை, ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை, இந்த உபசாரத்தை அன்னைக்கு உங்க மண்டபத்தில காட்டியிருக்கலாமே, பொண்ணைப் பெத்தவளை முதல் பந்திக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா, பட்டினியாத்தானே ஊர் திரும்பினேன், என்று கத்தினேன், அந்தப் பக்கமிருந்து, கூப்பிடத்தானுங் வந்தேன், நீங்க நாற்காலில வெறைப்பா உக்காந்திருந்தீங், பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால நின்னுட்டேன், சம்பந்தி சாப்பிடாம நான் எப்படிங் கை நனைக்கறது, அன்னைக்கு நானும் பட்டினிதானுங், என்றார், அட பாவமே, முந்நூறு இலை போட்ட கல்யாணத்தில் பட்டினி கிடந்தது நாங்கள் இரண்டு பேர்தானா, சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது, டேபுக்கு முன்னால் எழுந்து நின்று கை கூப்பி, வாங்க சம்பந்தியம்மா, இலை போட்டாச்சு, வந்து உக்காருங்க, என்று முறையாக அழைத்தேன், மறுபேச்சில்லாமல் ஏறினார், விசையை இழுத்தேன், பொட்டு வெளிச்சமாகப் பூமியைப் பார்த்துப் போனார், ஐயோ, நீங்க அங்க தனியா, என்று அவர் அழுவது கேட்டது, நான் சனிக்குப் பக்கத்தில் மகாராணி மாதிரி மிதந்தேன், டிக்கெட் வந்தது.

சிவப்பு விளக்கு எரிகிறது, விமானத்துக்குள் வார் தொங்கும் இருக்கைகள், அதில் ஜன்னலோரம் ஒன்றே ஒன்று, நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா என்று வாயெடுக்கிறேன், பின்னால் பாதிச் சிங்கப்பூர் வரிசைகட்டி நிற்கிறது, மங்கையர்க்கரசி என்னை இடித்துக்கொண்டு போய் ஜன்னலோரத்தில் தொப்பென்று உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டி, ஏனக்கா, உன்னைய விட்டுட்டு ஒருக்காப் போனது போதும், வந்து உக்காரு, என்கிறாள்.