ராஜாராமின் கணிப்பு

கே.கே. நகர் ராஜாராம் ஏதோ வார இதழில் ஏ.டி.எச்.டி. என்ற கவனச்சிதறல் கோளாறு பற்றி ஒரு பக்கம் படித்திருந்தார். மதுரைச் சௌராஷ்டிரர்களின் மின்னஞ்சல் குழுவில், முன்பின் தெரியாத பசுமலை இளைஞன் கார்த்திகேஷ், "எதிலும் மனம் நிலைக்கவில்லை, இது நாலாவது வேலை, என்ன செய்யலாம்?" என்று கேட்டதும் அந்த ஒரு பக்கத்துக்கு வேலை வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, "உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம், மூளை சம்பந்தப்பட்டது" என்று நானூறு குடும்பங்களும் படிக்கும்படி பதில் எழுதினார். அந்தக் குழுவில் வரன் தேடுகிறவர்களே அதிகம்.

பத்தாம் நாள் கார்த்திகேஷ் போன் செய்தான்.

"பொண்ணு வீட்ல நிச்சயத்தை நிறுத்தி வச்சுட்டாகண்ணே. எனக்கு மட்டும் எழுதியிருக்கலாம்ல?"

"நல்லதை ஒளிச்சா சொல்லுவாக? டாக்டரைப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன். அதேதான்னு சொல்லிட்டாரு. மாத்திரையில சமாளிச்சிரலாமாம். நீங்க நல்லவிதமா ஒரு வார்த்தை எழுதினா பொண்ணோட அப்பா கேப்பாருண்ணே."

"அதுக்கென்ன, எழுதுறேன்."

அன்றே எழுதினார், தம் கணிப்பை மருத்துவரே உறுதிப்படுத்திவிட்டார் என்று, குழுவுக்கு. முப்பது பேர் பாராட்டினார்கள். பெண்ணின் அப்பா மட்டும், தக்க சமயத்தில் எச்சரித்ததற்குத் தனி மடலில் நன்றி சொல்லியிருந்தார். இதையெல்லாம் பொதுவில் எழுதுவது நாகரிகமில்லையாம்.