சிவப்புக் கட்டம்

அன்று காலையிலிருந்தே ஜனனிக்குக் கால் தரையில் பாவவில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் தொழில்நுட்பமும் சமூகமும் என்ற பாடம் நடத்துகிறாள். ஒரு கருவியைச் செய்தவரையே வகுப்பில் நிறுத்தி மாணவிகள் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. வரச் சம்மதித்த முதல் ஆள் நித்தீஷ். உப்புச்சர்க்கரை மாற்றி அவளுக்கு உறுதி செய்திருக்கும் மாப்பிள்ளை.

"மிஸ், கல்யாணத்துக்கு முன்னாடியே சாருக்குப் பரீட்சைங்களா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"பாஸ் பண்ணினாத்தான் பொண்ணு குடுப்பாங்களாமுங்க" என்றான் நித்தீஷ். வகுப்பே சிரித்தது.

பனியன் கம்பெனிகளுக்குத் தான் செய்து கொடுத்த கேமராவைப் பற்றி விளக்கினான். டெய்லர் மெஷினில் இருந்தால் திரையில் அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம். எழுந்துபோய் நேரமானால் சிவப்பு. சூப்பர்வைசர் யாரையும் பார்த்துக் கத்த வேண்டியதில்லை. "இதனால யாருக்குங்க கஷ்டம்?" என்று கேட்டான். அவனுக்கு அதில் அத்தனை நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் ஒரு கம்பெனியின் கேமராவை நேரடியாகவே திரையில் போட்டான்.

வரிசை வரிசையாகப் பச்சை. நடுவில் ஒன்று சிவப்பானது. காலி ஸ்டூல், அதன்மேல் மடித்துப் போட்ட பூப்போட்ட துண்டு.

மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் அபிராமி எழுந்தாள்.

"சார், அது எங்கம்மா சீட்டு. அந்தத் துண்டு நான் மடிச்சுக் குடுத்தது."

நித்தீஷ் படத்தை அணைக்கக் கை நீட்டுவதற்குள் திரையில் அபிராமியின் அம்மா ராமுத்தாய் ஓடிவந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். உட்காருமுன் தலைதூக்கிக் கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கட்டம் பச்சையானது.

"எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி சார். அடிக்கடி பாத்ரூம் போகணும். இந்தச் சிவப்புக்குப் பயந்து தண்ணி குடிக்கிறதையே விட்டுருச்சு. இதை மாட்டுறதுக்கு முன்னாடி அங்க யாருகிட்டயாச்சும் கேட்டீகளா?"

அவன் ஜனனியைப் பார்த்தான். வகுப்பும் அவளைத்தான் பார்த்தது.

"பதில் சொல்லுங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"முதலாளிங்ககிட்டக் கேட்டோமுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் ஜனனி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவனிடம் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அழாத கண்ணு. அந்தம்மா சீட்டுக்கு இனிமே சிவப்பு வராது. பாரு, போன்லயே மாத்திட்டேன். உனக்காக."

"இவ்வளவு சுலபமாங்க?"

"ஒரு நிமிச வேலைதான்."

"அப்ப மத்தவங்களுக்கும் எடுத்துருங்க."

"சிவப்பு இல்லீன்னா இதை யாரு வாங்குவா?" என்று வாஞ்சையாகத்தான் கேட்டான். "கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாம்."

ஜனனி தலையாட்டவில்லை. எது கேட்டாலும் செய்வான், அவளுக்காக மட்டும். துண்டு போட்ட அந்த ஸ்டூலில் இருப்பவள் அவன் கண்ணுக்குக் கடைசிவரை தெரியவே போவதில்லை.

அவன் கிளம்பியதும் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"பந்தல்காரரு ஊட்டுக்கு வந்திருக்காரு கண்ணு. வாசலுக்கு எத்தன வாழை கட்டறதுன்னு கேக்கறாரு."

"அவரைத் திருப்பி அனுப்பிச்சுருங்கம்மா."

"ஏஞ்சாமி? என்னாச்சு?"

வளைவில் வழக்கம்போல வண்டியை மெதுவாக்கி, திரும்பிப் பார்த்து, நித்தீஷ் கையசைத்தான். அவள் கையும் தானாகவே உயர்ந்தது.