பதினாறு பாவும் பத்து விரலும்

வேலையைத் திட்டம் போட்டு நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள, எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்து மானேஜர் சின்னதுரை பட்டணத்தில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தார். போகும்போது நல்ல மனுஷன்தான். வரும்போது ஆளுயரத்துக்கு ஓர் அட்டைப் பலகையும் ஒரு டப்பா கலர் குண்டூசியும் கொண்டுவந்தார். எண்பத்து மூன்றாம் வருஷம் எங்களைப் பிடித்த சனி அந்தப் பலகைதான்.

நான் காசியம்மாள். ஆரணியில் பாவு பிணைக்கிறவள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழைகள். ஒரு பாவு நெய்து முடிந்தால் அதன் கடைசி முழம் தறியிலேயே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. விடிந்ததும் உட்கார்ந்தால் பொழுது சாயும்போது எழுந்திருக்கலாம். இது ஆகாமல் எந்தக் கொம்பன் தறியும் ஓடாது.

சங்கத்தில் என்னையும் மெம்பராகச் சேருங்கள் என்று ஐந்து தடவை மனு கொடுத்தேன். தறி இல்லாதவளுக்கு இடம் இல்லையாம். மெம்பர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் சங்கம் மாதாமாதம் ஏதோ கொடுக்கும். எனக்கோ இழையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்திருந்தது. கண் போய்விட்டால் எனக்குக் கஞ்சி ஊற்ற ஒரு நாதி கிடையாது. பயம் அதுதான்.

தீபாவளிக்கு டெல்லியிலிருந்து நாற்பத்தெட்டுப் புடவைக்கு ஆர்டர் வந்தது. மானேஜர் பலகையில் மூன்று கட்டம் போட்டார். சாயம், பாவு, நெசவு. பிணைப்புக்குக் கட்டமே இல்லை. பதினாறு தறி, தறிக்கு மூன்று புடவை. எல்லாம் ஒரே திங்கட்கிழமை தொடங்க வேண்டும் என்று பதினாறு பச்சைக் குண்டூசியை வரிசையாகக் குத்தினார். முன்பெல்லாம் இன்றைக்கு ஒரு தறி, நாளைக்கு ஒரு தறி என்று பாவு முடியும், நானும் ஒவ்வொரு வீடாகப் போவேன். அதெல்லாம் ஒழுங்கீனமாம்.

திங்கட்கிழமை விடிந்தது. பதினாறு வீட்டிலிருந்தும் ஆள் வந்து என் வாசலில் நின்றார்கள். பக்கத்துச் சேவூரில் பாவு பிணைக்கிற இன்னொருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். எனக்கு இருப்பது பத்து விரல். போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மானேஜரே ஓடி வந்தார். "இன்னாம்மா இது! எல்லாத் தறியும் சும்மா நிக்குது, நீ பட்துகினு கீறியே?"

"உங்க பலகையில எனக்குக் கட்டம் இல்லியே சார். இல்லாத வேலைக்கு நான் எதுக்கு?"

"கட்டம்தானே? இப்பவே போட்டுடறேன்!"

"கட்டத்த நீங்களே வெச்சிக்குங்க. மெம்பர் புக்குல என் பேர எழுதுங்க."

ரூல் இல்லை என்று முறைத்துவிட்டுப் போனார். போனவர் சும்மா இருந்தாரா? குமாஸ்தா எல்லப்பனையும் பியூனையும் உட்காரவைத்து, இழையைக் கோந்து போட்டு ஒட்டச் சொன்னார். கோந்து! பட்டில்! பதினாறு நெசவாளிகளில் ஒருவனான சுப்பன் தன் தறியில் முதல் மிதி மிதித்ததும் முந்நூறு இழை பட்பட்டென்று அறுந்து விழுந்தது. சுப்பன் அன்றைக்கு மானேஜரைப் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது.

நடுவில் பட்டணத்திலிருந்து டிரங்க்கால். எத்தனை தறி ஓடுகிறது என்று பெரிய ஆபீசர் கேட்டாராம். "பதினாறும் ரெடியா இருக்குது சார்" என்றாராம் நம்ம ஆள். வெட்கம் மானம் எதையும் அந்த ஆறு வாரத்தில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை மெம்பர் புத்தகத்தோடு வந்தார். என் பேரை எழுதினார், நான் கைநாட்டு வைத்தேன். சந்தோஷத்தில் அன்று சோறுகூட இறங்கவில்லை. மறுநாளிலிருந்து தினம் ஒரு பாவு. தறிகள் பழையபடி ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. மானேஜர் குண்டூசிகளைப் பிடுங்கி, படிக்கட்டு மாதிரி மாற்றிக் குத்தி, 'புதிய முறை' என்று பட்டணத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினார்.

பதினாறாவது நாள், கோந்தைக் கழுவிச் சீர்செய்த சுப்பன் பாவு. பாதி பிணைத்திருப்பேன். எல்லப்பன் வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, மனசு கேக்கல. உன் பேருக்குப் பக்கத்துல 'தற்காலிகம், இந்த ஆர்டர் முடியும் வரை'ன்னு எழுதி வெச்சிகீறாரு."

படிக்கத் தெரியாதவள் என்றுதானே இந்த வேலை! பிணைத்தது இரண்டாயிரம், மீதி இரண்டாயிரம். மானேஜரோ நாற்பத்தெட்டும் லாரி ஏறும் என்று பட்டணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அரைகுறையாக நிற்கும் பாவில் ஒரு கைக்குட்டைகூட நெய்ய முடியாது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்க மானேஜர வரச் சொல்லு, ஜல்தியா. புக்கோட."

மழையில் நனைந்துகொண்டு வந்தார். "சின்ன விஷயத்துக்குப் போயி பேஜார் பண்றியேம்மா!" என்றார்.

"சின்ன விஷயம்தானே, அடிச்சிட்டுப் போங்க."

கெஞ்சினார், மிரட்டினார், ரூல் பேசினார். நான் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். எல்லப்பனை உரக்கப் படிக்கச் சொன்னேன். சுப்பன் பெண்சாதி அம்மணியைக் கூப்பிட்டு, அவள் முன்னால் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகுதான் சாம்பலைத் தொட்டேன்.

மழை வலுத்து கரண்ட் போய்விட்டது. மானேஜர் நைசாக எழுந்தார்.

"எங்க போறீங்க? அந்த அரிக்கேன் வெளக்கத் தூக்கிப் பிடிங்க சார். மெம்பருக்குக் கண்ணு தெரியல."

இரண்டாயிரம் இழையும் முடிகிற வரைக்கும் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆர்டருக்காக அவர் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.