தண்ணீர் கட்டிய பாத்தி

நீடாமங்கலத்தில் யூனுஸின் மோட்டார் கடை வாசலில் ரோஸ்லின் ஆட்டோவை விட்டு இறங்கினாள். கையில் ஒரு வயர் சுருள். பின்னாலேயே ஆட்டோக்காரர் மண் உழும் கரண்ட் மிஷினைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவள் புருஷன் மதலைமுத்துவுக்கு முப்பதாம் நாள் பூசை. அதற்குள் அவளுக்கு ஒரே ஒரு பதில் வேண்டும்.

அவர் செத்தது அந்த மிஷினை ஓட்டும்போதுதான். கொல்லையில் கத்தரி போடலாமென்று ஆசையாய் வாங்கி, துடைத்துத் துடைத்து வைத்திருந்த மனுஷன். மண் கல்லாய்க் கிடக்கிறது, கத்தி துள்ளுகிறது என்று முதல் நாள் அலுத்துக்கொண்டார். ரோஸ்லின் வயலிலேயே பிறந்து வளர்ந்தவள். உழவென்றால் முதலில் தண்ணீர் கட்ட வேண்டும், வேறென்ன தெரியும் அவளுக்கு? சாயங்காலமே போர்செட் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பாத்தியை நடவு வயல் மாதிரி ஊற வைத்தாள். காலையில் அவர், "அடி சக்கை, பாதி வேலைய முடிச்சிட்டியே" என்று சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கரண்ட் அடித்துச் சாய்ந்துவிட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது? கொழுந்தன் சகாயராஜ் மிஷினை இரும்புக் கடையில் போடச் சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டாள், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள், படுத்தால் தூங்கினாள். நான் கட்டிய தண்ணீர்தான் அவரைக் கொன்றதா என்ற கேள்வி மட்டும் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

"இத ஏங்க்கா தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் யூனுஸ். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எதுனால அப்படி ஆச்சுன்னு பாத்துச் சொல்லுங்க பாய்."

அவர் கத்திகளைக் கழற்றினார். அச்சில் கோரையும் கயிறும் சுற்றி, களிமண் காய்ந்து இறுகியிருந்தது. சுரண்டி எடுத்தார். மோட்டார் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கார்பன் கட்டையை எடுத்துப் பார்த்து, டெஸ்ட் விளக்கை இரும்பின் மேல் வைத்தார். விளக்கு எரியவில்லை.

"பாடியில கரண்ட் வரலைக்கா. மிஷின் மேல தப்பு இல்ல. ஆனா இது காஞ்ச மண்ணுக்குன்னு உள்ள சாமான். சேத்துல எறக்கவே கூடாது."

"அப்ப தண்ணிதானா? அந்தத் தண்ணிய நான்தான் கட்டினேன், பாய்."

யூனுஸ் வயர் சுருளைப் பிரித்தார். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ஜாயின்ட் நான் போட்டதுக்கா. வயர் நீளம் பத்தலன்னு அண்ணன் வந்தாரு. முழு வயரா மாத்தணும்னு நான் அடிச்சுச் சொல்லியிருக்கணும். அவசரப்படுறாரேன்னு ரெண்டு துண்ட முறுக்கி டேப்ப சுத்திக் குடுத்துட்டேன். இது நனைஞ்சுதான் சேத்துல கரண்ட் எறங்கியிருக்கு. அடக்கத்துக்கு வந்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன், தைரியம் வரல. இந்த வயர் என் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு ஒரு மாசமா துவா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ரோஸ்லின் அவரையே பார்த்தாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். யூனுஸும் அதற்காகத்தான் தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"தண்ணி இல்லாம இருந்திருந்தா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஜாயின்ட் இல்லாம இருந்திருந்தா?"

"சேத்துல சிக்கி மிஷின் நின்னு போயிருக்கும். அவ்வளவுதான்."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஜாயின்ட் இல்லாத முழு வயரா போட்டுக் குடுங்க பாய். கத்தரி போடணும்."

புது வயரை அளந்து வெட்டினார். பிளக்கில் கம்பியை நுழைக்கப் பார்த்தார். இரண்டு தரம் நழுவியது, மூன்றாம் தரமும் நழுவியது. ரோஸ்லின் எழுந்து வந்து வயரை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிப் பிடிச்சா போதுமா?"

வீட்டில் எந்தச் சின்ன ரிப்பேருக்கும் அவள் இப்படித்தான் பிடிப்பாள். மதலைமுத்துவிடமும் இதையேதான் கேட்பாள். போதும் என்று யூனுஸ் தலையசைத்தார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். அவர் திருகாணியை முடுக்கி முடிக்கும்வரை வயரை மட்டும் விடவில்லை.